அயல்நாட்டில் ஒரு குவளை நீர்



சென்ற ஆண்டு ஒரு நாள், உயிரியல் வகுப்பு முடியும் நேரத்தில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். அவளுடைய அக்கா மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் புறப்பட இருந்தாள். வீட்டில் பெட்டி கட்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. உடை, புத்தகம், ஊறுகாய், பருப்புப்பொடி என எல்லாவற்றிலும் ஒத்துப்போன குடும்பத்தார், ஒன்றே ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லையாம். அது குடிநீர்.

“எங்கே போனாலும் தண்ணியைக் காய்ச்சித்தான் குடிக்கணும்” என்று சொல்லி, அம்மா ஒரு மின்கெட்டிலை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். “காய்ச்சுறதாவது, ஆத்துறதாவது! கடையில பாட்டில் வாங்கிக் குடி. அதுதான் பயமில்லாதது” என்றார் துபாயில் வேலை பார்க்கும் மாமா. சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக வாழும் சித்தியோ தொலைபேசியிலேயே சிரித்தாராம். “நாங்க இங்க குழாயில பிடிச்சு அப்படியே குடிக்கிறோம். வெளிநாட்டுத் தண்ணிக்கு என்ன குறைச்சல்?”

“மூணு பேர்ல யார் சொல்றது சரி, டீச்சர்?”

அதற்குள் மணி அடித்துவிட்டது. “அம்மா சொல்வதைக் கேட்கச் சொல்” என்று கூறிவிட்டு வந்துவிட்டேன். அது பணிவுக்கு ஏற்ற விடை. ஆனால் அறிவியலுக்கு ஏற்ற விடை அன்று. அந்த விடையில் இருந்த குறை பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே, இக்கட்டுரையை அம்மாணவிக்கு நான் தர வேண்டிய பாக்கியாகவே எழுதுகிறேன். நம் பள்ளியில் படித்த பெண்கள் செவிலியராகவும், மாணவியராகவும், மணமாகியும் பல நாடுகளுக்குச் செல்லும் காலம் இது. எனவே இது எல்லாருக்கும் பயன்படும் என நம்புகிறேன்.

கண்ணும் நாவும் சாட்சிகள் அல்ல

முதலில் உங்களை 1854-ஆம் ஆண்டின் இலண்டன் மாநகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அந்நகரின் சோகோ பகுதியில் பிராட் தெரு என்றொரு தெரு இருந்தது. அங்கிருந்த அடிபம்பின் நீர் தெளிவானது, சுவையானது என்று அக்கம்பக்கத்தில் பெயர் பெற்றிருந்தது. அத்தெருவுக்கு அருகில் முன்பு வாழ்ந்த ஒரு விதவைத் தாய், பின்னர் தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். ஆயினும் பழகிய நீரின் சுவையை அவரால் மறக்க முடியவில்லை. அத்தெருவில் தொழில் நடத்திவந்த அவருடைய மக்கள், நாள்தோறும் ஒரு பெரிய பாட்டிலில் அந்த நீரை நிரப்பி, வண்டியில் தாய்க்கு அனுப்பிவந்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாளும் பாட்டில் போயிற்று. அன்று மாலையும் மறுநாளும் அத்தாய் அந்நீரைப் பருகினார். செப்டம்பர் 2-ஆம் நாள் காலரா நோயால் இறந்தார். அவரைக் காண வந்திருந்த உறவுப் பெண்ணும் அதே நீரைக் குடித்தாள்; இஸ்லிங்டனில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பி அவளும் மாண்டாள். அந்த இரு இடங்களிலும் அப்போது காலராவே இல்லை!

பிராட் தெருவைச் சுற்றி மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காற்றில் பரவும் தீய நாற்றமே காலராவுக்குக் காரணம் என்று அக்கால மருத்துவர்கள் பலர் நம்பியிருந்தனர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் மட்டும், நோய் நீரின் வழியே பரவுகிறது என்று சாதித்தார். வீடு வீடாகச் சென்று, யார் எந்த நீரைக் குடித்தார்கள் என்று விசாரித்தார். அத்தெருவிலேயே இருந்த மதுபான ஆலையின் தொழிலாளர்கள் எழுபது பேர் வரை இருந்தும் ஒருவரும் சாகவில்லை; அவர்கள் அந்தப் பம்பு நீரைக் குடிப்பதே இல்லை. தொலைவில் இறந்த இந்த இரு பெண்களோ அந்த நீரை மட்டும் பெற்றவர்கள். இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? செப்டம்பர் 8-ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

அந்த அன்புள்ள மக்கள் தங்கள் தாய்க்கு நஞ்சை அனுப்பினார்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம். அவர்கள் அனுப்பியது தாங்கள் அறிந்தவற்றுள் மிக நல்ல நீர். கண்ணுக்குத் தெளிவாகவும் நாவுக்கு இனிமையாகவும் இருந்த நீர். அதுவே பாடம். ஒரு நீர் குடிக்கத் தகுந்ததா என்பதைக் கண்ணும் நாவும் சொல்ல இயலாது.

நீரில் என்ன இருக்கலாம்?

“இந்த நீர் நல்லதா?” என்று கேட்பதைவிட, “இந்த நீரில் என்ன இருக்கக்கூடும்? அதை நீக்குவது எது?” என்று கேட்பதே அறிவியல் முறை. நீரில் கலந்து நமக்குத் தீங்கு செய்பவற்றை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

முதற்பிரிவு, உயிருள்ள பகைவர்கள். காலரா, டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்கள்; மஞ்சள் காமாலையையும் வயிற்றுப்போக்கையும் தரும் சில வைரசுகள்; ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒரு செல் உயிரிகள். இவை பெரும்பாலும் மலம் கலந்த நீரால் வருபவை. இவற்றின் வேலை சில மணி நேரத்திலோ, சில வாரங்களிலோ தெரிந்துவிடும்.

இரண்டாம் பிரிவு, உயிரற்ற பகைவர்கள். ஆர்சனிக், காரீயம், அளவுக்கு மிஞ்சிய புளூரைடு, நைட்ரேட்டு, தொழிற்சாலைக் கழிவுகள் முதலியன. இவற்றுள் பல சிறிது சிறிதாகச் சேர்ந்து, பல மாதங்கள் அல்லது பல ஆண்டுகள் கழித்தே தம் வேலையைக் காட்டும்.

இந்தப் பிரிவினையை மனத்தில் இருத்திக்கொண்டால், சித்தியின் குழாய் நீரையும், அம்மாவின் கொதித்த நீரையும், மாமாவின் பாட்டில் நீரையும் ஒவ்வொன்றாக நாமே சோதித்துப் பார்க்கலாம்.

சித்தியின் குழாய் நீர்

சிங்கப்பூர்ச் சித்தி சொன்னது அவர் வாழும் ஊரைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மை. அங்குக் குழாயில் வரும் நீரைக் காய்ச்சாமலும் வடிகட்டாமலும் குடிக்கலாம். மழைநீர்த் தேக்கங்கள், அண்டை நாடான மலேசியாவிலிருந்து வரும் ஆற்றுநீர், மிக நுணுக்கமாகத் தூய்மை செய்து மீட்கப்பட்ட கழிவுநீர், உப்பு நீக்கிய கடல்நீர் ஆகிய நான்கும் அந்நாட்டின் நீர் ஆதாரங்கள். எங்கிருந்து வந்தாலும் சோதனைக்குப் பின்னரே குழாய்க்கு வருகிறது.

குழாய் நீரை நல்லதாக்குபவை மூன்று. ஒன்று, நிலையத்தில் வடிகட்டிக் கிருமி நீக்குதல். இரண்டு, நீர் வீடு சேரும்வரை காவலாகக் கூடவே வரும் சிறிதளவு குளோரின். மூன்றாவதைப் பலர் அறியார். அது, குழாய்க்குள் இரவும் பகலும் குறையாத அழுத்தம். நீர் எப்போதும் அழுத்தத்துடன் நிறைந்திருந்தால், குழாயில் விரிசல் இருந்தாலும் நீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலுள்ள அழுக்கு உள்ளே வராது. நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் நீர் விடும் ஊரில் என்ன நடக்கும்? குழாய் வெறுமையாகும் நேரத்தில் அருகிலுள்ள சாக்கடை நீரை அவ்விரிசல்கள் உறிஞ்சிக்கொள்ளும். நிலையத்திலிருந்து தூய்மையாகப் புறப்பட்ட நீர் வீட்டுக்கு வரும்போது மாசு பட்டிருக்கும்.

இதைத் திருத்திக் காட்டிய நகரம் ஒன்று உண்டு. கம்போடியாவின் தலைநகரான புனோம் பென், நீண்ட போரால் சிதைந்துபோன நகரம். 1993-இல் அங்கு நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே நீர் வந்தது. அனுப்பிய நீரில் 100-க்கு 72 பங்கு கசிவாலும் திருட்டாலும் வீணாயிற்று. எக் சொன் சான் என்னும் பொறியாளர் அந்நகர நீர்வழங்கு நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். பழைய குழாய்களை மாற்றினார். எல்லா இணைப்புகளுக்கும் அளவி பொருத்தினார். செல்வாக்கு மிக்கவர்களிடமும் அஞ்சாமல் கட்டணம் கேட்டார். பின்னர் இருபத்து நான்கு மணி நேரமும் நீர் வந்தது. இழப்பு 100-க்கு 6 என்ற அளவுக்குக் குறைந்தது. 2006-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஆகவே நல்ல குழாய் நீர் பணக்கார நாட்டின் தனிச் சொத்தன்று.

அதுபோலவே, பணக்கார நாடு என்பதாலேயே குழாய் நீர் நல்லதாகிவிடாது. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள செர்மாட், பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 1963-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு டைபாய்டு பரவி, நானூறுக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. ஊருக்கு நீர் தந்த மலையோடையில் கழிவுநீர் கலந்ததே காரணம். டைபாய்டுக் கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். அதற்குள் சுற்றுலாப் பயணிகள் பலர் தத்தம் நாடுகளுக்குத் திரும்பிவிட்டிருந்தனர். பனிமலையையும் பளிங்கு ஓடையையும் பார்த்து மகிழ்ந்தவர்கள், நோயைத் தம்முடன் சுமந்து வந்ததை வீட்டில்தான் அறிந்தனர்.

அமெரிக்காவிலும் 1993-இல் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. மில்வாக்கி நகரத்துக் குழாய் நீரால் சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்குக்கு ஆளாயினர். குற்றவாளி கிரிப்டோஸ்போரிடியம். அதன் தடித்த உறையைக் குளோரினால் ஊடுருவ இயலாது. வடிகட்டுதல் சற்றே தளர்ந்த வேளையில் அது தப்பி வந்துவிட்டது. ஏப்ரல் 7-ஆம் நாள் அந்நகரத்தார், நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்குமாறு மக்களுக்கு அறிவித்தனர். அங்கே நம் அம்மாவின் கெட்டில்தான் வென்றது!

அம்மாவின் கொதித்த நீர்

கொதித்த நீரின் பெருமை அவ்வளவு எளிதில் குறைவதன்று. நோய் தரும் பாக்டீரியா, வைரசு, ஒரு செல் உயிரி ஆகிய மூன்றையும் ஒருசேர வெல்லும் எளிய முறை அதுவே. இவை 70 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே விரைவில் மடியத் தொடங்கும். நீர் தளதளவென்று கொதிக்கும்போது நமக்கு ஐயத்துக்கு இடமே இல்லை. வெப்பமானி தேவையில்லை, கொதிப்பே அடையாளம். ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்தால் போதும். நெடுநேரம் கொதிக்க விடுவதால் எரிபொருள்தான் வீண்.

உயரமான ஊர்களில் மட்டும் சிறிது கவனம் வேண்டும். காற்றழுத்தம் குறையக் குறைய நீரின் கொதிநிலையும் குறையும் என்பது நீங்கள் இயற்பியலில் படித்ததே. ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் உள்ள திபெத்தின் லாசா நகரில் நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்பது விதி. சீன நாட்டில் நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது வழிவழி வந்த வழக்கம். அந்நாட்டுத் தொடர்வண்டிப் பெட்டிகளில்கூடப் பயணிகள் கொதிநீர் பிடித்துக்கொள்ளக் குழாய் உண்டு.

ஆனால், கொதித்த நீரும் தோற்கும் இடங்கள் இரண்டு.

முதலாவது, கொதித்தபின் செய்யும் பிழை. கொதித்த நீரில் காவலுக்குக் குளோரின் இல்லை. கழுவாத குடத்தில் ஊற்றினாலும், கை பட்ட குவளையை உள்ளே விட்டு மொண்டாலும், சூடு ஆற்றப் பச்சைத் தண்ணீர் கலந்தாலும் எல்லாம் வீண். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவைத்து, சாய்த்து ஊற்றுவதே முறை.

இரண்டாவது தோல்வி பெரியது. உயிருள்ளதை நெருப்பு கொல்லும். உயிரற்றதை எதைக் கொண்டு கொல்வது? ஆர்சனிக்கும் காரீயமும் கொதித்தால் போகா. நீர் ஆவியாகிக் குறையும்போது, எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

இதற்கு வங்கதேசத்தைவிடத் துயரமான சான்று இல்லை. அங்குக் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மாண்டுவந்தனர். அதைத் தடுக்க 1970-களில் ஊர்தோறும் குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. எண்ணம் நல்லது, நீரும் கிருமியற்றது, தெளிவானது, குளிர்ந்தது. ஆனால், நிலத்தடி வண்டலில் இயற்கையாகவே ஆர்சனிக் இருந்தது. 1993-இல்தான் அந்நாட்டுக் கிணறுகளில் அது கண்டறியப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேருடைய உள்ளங்கைகளும் பாதங்களும் தடித்துப் புண்ணாகிவிட்டன. சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. 3.5 கோடி முதல் 7.7 கோடி மக்கள் வரை இந்த ஆபத்துக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று 2000-ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். பின்னர் கிணறுகளைச் சோதித்து, ஆர்சனிக் மிகுந்தவற்றுக்குச் சிவப்பு வண்ணமும், குடிக்கத் தக்கவற்றுக்குப் பச்சை வண்ணமும் பூசினார்கள். எழுத்தறியாத தாயும் புரிந்துகொள்ளும் பாடநூல் அது. சிவப்புக் கிணற்று நீரை எத்தனை முறை காய்ச்சினாலும் அது பச்சைக் கிணற்று நீர் ஆகாது.

அமெரிக்காவின் பிளின்ட் நகரிலும் 2014-இல் நீர் ஆதாரத்தை மாற்றியபோது, குழாய் அரிக்காமல் காக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கத் தவறினர். பழைய குழாய்களிலிருந்து காரீயம் கரைந்து குடிநீரில் கலந்தது. அங்கும் காய்ச்சுவதால் பயனில்லை. வேறு நீர் கொண்டுவருவதே வழியாயிற்று.

மாமாவின் பாட்டில் நீர்

வழிப்பயணத்தில் பாட்டில் நீர் மிக உதவியானது என்பதில் ஐயமில்லை. ஆர்சனிக் போன்றவை உள்ள ஊரில், காய்ச்சிய நீரைவிட, முறையாகச் சோதித்து அடைத்த பாட்டில் நீரே மேல். ஆனால், பாட்டில் என்பது ஒரு கொள்கலன், அது மருந்தன்று. உள்ளே என்ன ஊற்றினார்களோ அதுதான் இருக்கும். இலண்டன் தாய்க்குப் போனதும் பாட்டில் நீரே அன்றோ?

1974-இல் போர்ச்சுகல் நாட்டில் காலரா பரவியது. 2,467 பேருக்கு அந்நோய் உறுதிசெய்யப்பட்டது. 48 பேர் இறந்தனர். அது பரவிய வழிகளுள் ஒன்றைக் கண்டு ஆய்வாளர்களே வியந்தனர். கடைகளில் விற்ற ஊற்றுநீர் பாட்டிலே அது! சுண்ணாம்புப் பாறைகளின் ஊடே வந்த அந்த ஊற்றில் நோய்க்கிருமி கலந்திருந்தது. உடலுக்கு நல்லது என்று எண்ணி, விலை கொடுத்து வாங்கிக் குடித்தவர்களுக்கே நோய் வந்தது.

இன்று பல நாடுகளில் கடுமையான விதிகள் உண்டு. எனினும் வாங்குபவர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. மூடியைத் திருகும்போது வளையம் ‘படக்’கென்று முறிய வேண்டும். ஏற்கெனவே முறிந்திருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் வாங்கக் கூடாது. பழைய பாட்டிலில் குழாய் நீரை நிரப்பி விற்போர் பல நாடுகளில் உண்டு. வாயு அடைத்த சோடா நீர் இருந்தால் அது கூடுதல் பாதுகாப்பு. கரியமில வாயுவால் நீர் சற்றே அமிலத்தன்மை அடைகிறது, காலராக் கிருமிக்கு அமிலம் ஆகாது. மேலும், திறந்ததும் நுரைத்துப் பொங்கினால் மூடி முன்பு திறக்கப்படவில்லை என்பதும் தெரிந்துவிடும். வாயை வைத்துக் குடித்த பாட்டிலை வெயிலில் கிடக்க விட்டு, மறுநாள் குடிப்பதும் தவறு.

நாம் மறந்துவிடும் வாயில்கள்

கோட்டை வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதுபோல் நாம் செய்யும் பிழைகள் சில உள்ளன. அவற்றுள் முதலாவது ஐஸ் கட்டி. குளிர் பெரும்பாலான கிருமிகளைக் கொல்வதில்லை. தூங்க வைக்கிறது, அவ்வளவே. 1985-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நோய்க்கிருமி கலந்த நீரை ஐஸ் கட்டியாக்கி, அதைக் கோலா, சோடா, மதுவகைகள் ஆகியவற்றில் போட்டு உருக விட்டுப் பார்த்தனர். கிருமிகள் முற்றும் அழியாமல் பிழைத்திருந்தன. பல் துலக்கும் நீர், பச்சைக் காய்கறி கழுவிய நீர், குளிக்கும்போது வாயில் புகும் நீர் ஆகியவையும் குடிநீரே என்று எண்ண வேண்டும்.

இங்கேதான் என் அவசர விடையின் குறை வெளிப்பட்டது. அம்மாணவியின் அக்கா அயல்நாடு சென்று, அம்மா சொன்னபடியே நாள்தோறும் காய்ச்சிய நீரையே குடித்தாள். ஆனால் முதல் மாதத்திலேயே ஒரு மாலை, தோழியரோடு கடைத்தெருவுக்குப் போனவள், வெயில் தாளாமல் ஐஸ் நிறைந்த பழரசம் இரண்டு குவளை குடித்திருக்கிறாள். மறுநாள் இரவு கடும் வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்கவும் முடியாத சோர்வு. காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது; ஆனால் அவள் நினைவுக்கு வந்தது அந்தப் பழரசம் ஒன்றே. “தண்ணியை மட்டும் காய்ச்சினேன், ஐஸ் எந்தத் தண்ணின்னு கேக்கவே இல்லையே” என்று தங்கையிடம் தொலைபேசியில் அழுதாளாம். அதை என் மாணவி வந்து சொன்னபோது, அந்தக் கேள்வியை அவளுக்கு முன்னதாகவே கற்றுத் தந்திருக்க வேண்டியவள் நான் என்று வருந்தினேன்.

நோய் வந்துவிட்டால்

அவளைக் காத்தது என்ன தெரியுமா? பக்கத்து அறை மாணவி கரைத்துக் கொடுத்த ஓ.ஆர்.எஸ். உப்புக்கரைசல். வயிற்றுப்போக்கில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதே. குடல் உப்பை உறிஞ்சச் சர்க்கரை துணை செய்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. எளிய இந்த உண்மை எத்தனை உயிர்களைக் காத்தது! 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லைப்புறத்தில் பனகான் என்னும் ஊரின் அகதி முகாமில் காலரா தலைவிரித்தாடியது. சிரைவழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெரிய கலங்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கச் செய்தார். 100-க்கு 30 வரை இருந்த இறப்பு 4-க்கும் கீழாக இறங்கியது.

ஆகவே பயணப் பெட்டியில் நான்கைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருக்கட்டும். கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துக் குடிக்கலாம். உப்பு மிகுந்துவிடலாகாது. காய்ச்சல் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடித்தது எதுவும் தங்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். டைபாய்டுக்குத் தடுப்பூசி உண்டு. புறப்படுமுன் மருத்துவரைக் கேட்பது நலம்.

கேள்விக்கு விடை

இப்போது அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். மூவரில் யார் சொன்னது சரி?

மூவரும் சொன்னது சரி. ஆனால் அவரவர் இடத்தில். இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தத்துடன் வந்து, இடைவிடாது சோதிக்கப்படும் ஊரில் சித்தி சொன்னது சரி. கிருமியே கவலையாக உள்ள ஊரில் அம்மா சொன்னது சரி. நிலத்து நீரிலேயே நஞ்சுள்ள ஊரிலும், அடுப்பு இல்லாத வழிப்பயணத்திலும் மாமா சொன்னது சரி. ஓர் ஊருக்குப் போகிறவள் கேட்க வேண்டியவை இவை:

1. இவ்வூர்க் குழாயில் நாள் முழுதும் நீர் வருகிறதா? ஊரார் அதை அப்படியே குடிக்கிறார்களா?

2. நான் தங்கும் கட்டடத்தில் நீர்த்தொட்டி உண்டா? அதை எப்போது கழுவினார்கள்? (தெருக்குழாய் வரை நல்லதாக வந்த நீரும் தொட்டியில் கெடலாம்.)

3. இவ்வூரில் அச்சம் கிருமியைப் பற்றியதா, ஆர்சனிக், காரீயம் போன்றவற்றைப் பற்றியதா?

4. இந்த ஐஸ் எந்த நீரில் செய்தது?

பிலிப்பைன்ஸ் சென்ற அக்காவுக்கு இவற்றின்படி என்ன விடை? அங்கே தெருவுக்குத் தெரு நீர் நிரப்பித் தரும் கடைகள் உண்டு. பெரிய கொள்கலனைக் கொடுத்து நிரப்பி வாங்கலாம். அது முத்திரையிட்ட பாட்டில் அன்று. கடையின் தூய்மையே அதன் தூய்மை. ஆகவே அந்நீரையும் ஒரு முறை கொதிக்க வைத்து மூடி வைத்துக்கொள்வது, வெளியில் சென்றால் முத்திரை முறியாத பாட்டில் வாங்குவது, ஐஸ் வேண்டாம் என்று கூசாமல் சொல்வது. இப்போது அவள் அப்படியே செய்கிறாள். முதலாண்டை நலமாக முடித்தும் விட்டாள்.

முடிவுரை

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அயல்நாட்டுக்குப் போகிறவர் பாட்டில் வாங்கலாம். பிடிக்காவிட்டால் ஊருக்கும் திரும்பலாம். அவ்வூரிலேயே பிறந்தவருக்கு அந்த வழியும் இல்லை. பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர் வசதி 2022-இல் உலகில் 220 கோடி மக்களுக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கணக்கிட்டன. சிவப்பு வண்ணக் கிணற்றைத் தாண்டி, தொலைவில் உள்ள பச்சை வண்ணக் கிணற்றுக்குக் குடத்துடன் நடந்த வங்கதேசப் பெண், நம்மைப் போலவே ஒரு தாய்க்கு மகள். நமக்கு வேண்டிய பாதுகாப்பைக் கேட்டறியும்போது, “இங்குள்ளவர்கள் எதைக் குடிக்கிறார்கள்?” என்றும் கேட்போம். உங்களுள் ஒருத்தி நாளை பொறியாளராகவோ மருத்துவராகவோ ஆகி, அந்தக் கேள்விக்கு விடை தேடினால், மணி அடித்தபின் எழுந்த அந்தக் கேள்வி நல்ல கேள்விதான்.

எண்ணிப் பார்க்க

1. ஹாம்ஸ்டெட் தாயின் இறப்பு, ஜான் ஸ்நோவின் கருத்துக்கு ஏன் வலுவான சான்றாயிற்று?

2. மில்வாக்கியில் பயன்பட்ட முறை பிளின்டில் பயன்படாததற்குக் காரணம் என்ன?

3. நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் வரும் குழாய் நீரில் மாசு சேர்வது எவ்வாறு?

4. உங்கள் வீட்டுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது? இன்று மாலை வீட்டில் கேட்டறிந்து எழுதுக.